ஜிம்மிக்குச் சரிவந்திட்டுது

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் 'சரிவந்திட்டுது' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். என்ன சரிவந்தது என்று கேட்கிறவன் வெளியூரான். விசா சரிவந்தது. ஒரு வீட்டில் சரிவந்தால் பிள்ளையாருக்கு மோதகம் அவியும். பக்கத்து வீட்டார் மோதகத்தைத் தின்று, கையைக் கழுவிக்கொண்டு, "எவ்வளவு முடிஞ்சுதாம்?" என்று வேலிக்கு மேலால் விசாரிப்பார்கள்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் மோதகம் அவிந்தது. அந்த வீட்டில் இருப்பது ஒரு மாமி. வயது 76. மூன்று பிள்ளைகளும் வெளியே. பேரப்பிள்ளைகளைக் கைபேசிக் கண்ணாடியில் தடவித் தடவியே வளர்த்த மனுசி. மூன்று தரம் விசாவுக்குப் போட்டு மூன்று தரமும் மறுத்துவிட்டார்கள். நாலாந்தரம் கடவுள் கண் திறந்துவிட்டார் என்று ஒழுங்கையே மோதகத்தை வாயில் போட்டது.

சரிவந்தது ஜிம்மிக்கு.

ஜிம்மி, மாமி வளர்க்கும் நாய். விலை கொடுத்து வாங்கிய பெரிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் நாய்தான். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். நாலு வருசத்துக்கு முன்னர் வல்லை வெளியில் யாரோ சாக்கோடு எறிந்துவிட்டுப் போன குட்டிகளில் ஒன்று. போன ஓகஸ்டில் சந்நிதித் திருவிழாவுக்கு வந்த மகள் குடும்பம் மூன்று கிழமை நின்றது. வெளிக்கிடுகிற அன்று பேரப்பிள்ளைகள் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மம்மாவை விட்டுப் போகிறோமே என்றா? ஜிம்மியை விட்டுப் போகிறோமே என்று. அழுகை கால் மணித்தியாலம் நீடித்தது. அதைத் தீர்க்க ஏழு மாதமும் பல லட்சமும் போனது.

எந்த நாடு என்று சொல்லமாட்டேன். மாமி அந்த நாட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவேண்டி இருக்கிறது.

*

கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு, நாயின் கடதாசி அலுவல் முழுக்க என் தலையில் விழுந்தது. பல நாடுகளின் விதிகளை வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் கண் கலங்கியது. இவ்வளவு ஒழுங்கான, இவ்வளவு மரியாதையான, இவ்வளவு தெளிவான விதிகளை என் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைக் கேளுங்கள். முதலில் நாயின் தோலுக்குக் கீழே அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப். அதில் 15 இலக்க எண். அதற்குப் பிறகு விசர்நாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னர் போட்ட ஊசி கணக்கில் இல்லை. ஊசி போட்டு ஆகக்குறைந்தது 30 நாள் கழிய இரத்தம் எடுக்கவேண்டும். அந்த இரத்தத்தை அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பவேண்டும். இரத்தம் முதலில் விமானம் ஏறும். நாய் பிறகு. மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச்சக்தி இருந்தால் சித்தி. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுக்கவேண்டும். பிறகு அரச கால்நடை வைத்தியரின் சான்றிதழ். அது கைக்கு வந்து பத்து நாளுக்குள் போய் இறங்கவேண்டும். அயர்லாந்து, பின்லாந்து, அல்லது ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நோர்வே, பிரித்தானியா என்றால் நாடாப்புழு மருந்தும் உண்டு. இறங்குவதற்கு 120 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்போது கொடுத்தால் செல்லாது. 24 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்கும்போது கொடுத்தாலும் செல்லாது.

அவ்வளவுதான். கணக்கு முடிந்தது. பஞ்சாங்கத்தில்கூட இவ்வளவு துல்லியம் இல்லை. 0.5 இருந்தால் உள்ளே. 0.4 என்றால் இன்னொரு ஊசி, இன்னொரு தரம். ஏன் மறுத்தோம் என்பதை நாய்க்கு எண்ணிலே சொல்கிறார்கள். தசமத்தோடு சொல்கிறார்கள்.

மாமிக்கு வந்த மறுப்புக் கடிதங்கள் மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே வசனம். தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்று எமக்குத் திருப்தி ஏற்படவில்லை. மூன்றாந்தரம் காணி உறுதி வைத்தோம், வங்கிப் புத்தகம் வைத்தோம், வீட்டுப் படம் வைத்தோம். படலையில் ஜிம்மி நிற்கிற படத்தையும் வைத்து, இதற்குச் சோறு போட வேறு ஆளில்லை, ஆகையால் கட்டாயம் திரும்புவேன் என்றும் எழுதிக் கொடுத்தோம். திருப்தி ஏற்படவில்லை. திருப்திக்கு என்ன அலகு? மில்லிலீற்றருக்கு எவ்வளவு இருக்கவேண்டும்? மாமியின் இரத்தத்தை எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் தெரியும்?

இந்தத் திருப்தி உலகப் பொதுச் சொத்து. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 179ஆம் பிரிவாக இருக்கிறது. மற்ற நாடுகளின் சட்டங்களிலும் அதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. அதே கனடா, விசர்நாய் ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கையை வைத்திருக்கிறது. 2022 செப்ரெம்பரிலிருந்து அப்படிப்பட்ட நாடுகளின் வியாபார நாய்களைத் தடுத்தும்விட்டது. ஆனால் எட்டு மாதம் தாண்டிய வீட்டு நாய் சொந்தக்காரரோடு வந்து இறங்கினால் கேட்பது விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றிதழைத்தான். இரத்தப் பரிசோதனை இல்லை. தனிமைப்படுத்தல் இல்லை. திரும்பிப் போவாயா என்று நாயை ஒருவரும் கேட்பதில்லை. வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்பதில்லை. இந்த வயதில் ஏன் வருகிறாய் என்று கேட்பதில்லை.

ஜிம்மியின்மேல் கோபம் வேண்டாம். அது ஒரு பிழையும் செய்யவில்லை. ஊசி போடும்போதுகூட வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

*

இத்தனை சிப்பும் ஊசியும் எதற்கு? உலகத்துக்கு எங்கள் நாயில் சந்தேகமில்லை. நாட்டில்தான் சந்தேகம்.

விசர்நாய்ச் சட்டம் இந்தத் தீவுக்கு 1893இல் வந்தது. வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. 1973இல் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்தார்கள். பிறகு ஊசி போட்டுப் போட்டு, வருசத்துக்குச் சில பத்துப் பேர் என்று இறக்கினார்கள். அந்தப் பெருமை வெயிலில் சைக்கிள் உழக்கிய சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் கால்நடை வைத்தியர்களுக்கும் உரியது. மிச்சத்தை முடிக்கிற பொறுப்பு மேலே இருந்தவர்களிடம் போனது. ஆகவே முடியவில்லை. 2020க்குள் ஒழிப்போம் என்றார்கள். 2020 வந்தது, போனது. இப்போது 2030 என்கிறார்கள். ஒரு வேலையைப் பத்து வருசம் தள்ளிப்போடுவதற்கு இந்த நாட்டில் 'தேசியத் திட்டம்' என்று பெயர்.

தெருநாய் பற்றி ஒரு முறைப்பாடு கொடுத்துப் பாருங்கள். ஓர் அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் காட்டும். அது மாகாணத்தைக் காட்டும். மாகாணம் நிதியில்லை என்று கொழும்பைக் காட்டும். கொழும்பு சுற்றறிக்கை ஒன்றைக் காட்டும். இதற்குள் நாய் ஆறு குட்டி போட்டுவிடும்.

அந்த ஆறில் பெட்டைகளை என்ன செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். கடுவனை ஆரும் கேட்டு வாங்குவார்கள். பெட்டையைச் சாக்கில் கட்டி, இருட்டின பிறகு மோட்டார்சைக்கிளில் வைத்து, வல்லை வெளியிலோ சந்தை மூலையிலோ இறக்கிவிட்டு வருவார்கள். இறக்கிவிட்டு வந்தவர் விடிய எழும்பி நீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போவார். உயிர்களிடத்தில் அன்பு வேண்டும் என்று பிரசங்கம் நடந்தால் முன்வரிசையில் இருப்பார். அவர் வேறு யாருமில்லை. நாங்கள்தான்.

*

பலாலி விமான நிலையம் உடுப்பிட்டிக்குக் கிட்ட. 1990இல் சனத்தை எழுப்பி வேலி போட்ட வலிகாமம் வடக்கில், சனத்தின் காணியை விழுங்கி நீண்ட ஓடுபாதை. 2019 ஒக்ரோபரில் 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பெயர்ப்பலகை மாட்டித் திறந்தார்கள். சர்வதேசம் என்றால் சென்னை. பிறகு திருச்சியும் சேர்ந்தது. சர்வதேசம் இப்போது காவிரிக் கரை வரைக்கும் நீண்டிருக்கிறது. நாயின் கடைசிக் கையெழுத்தும் பெரிய விமானமும் தெற்கில்தான். 400 கிலோமீற்றர். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். வான் பிடித்தோம்.

ஓமந்தையைத் தாண்டும்போது ஜிம்மி யன்னலால் தலையை நீட்டிக் காற்று வாங்கியது. மாமி ஒன்றும் பேசவில்லை. அந்த இடத்துச் சோதனைச் சாவடியில் ஒருகாலம் எங்கள் பெட்டிகளைக் கொட்டி, எங்களை வரிசையில் விட்டு, மோப்ப நாயைக் கொண்டு மணக்க வைத்தார்கள். நாய் மணந்து திருப்திப்பட்டால் நாங்கள் போகலாம். அன்றைக்கும் திருப்தி நாயின் பக்கம்தான் இருந்தது.

அதற்கு முந்தின காலத்தில் புலிகள் இயக்கத்தின் பாஸ். குடாநாட்டை விட்டு வெளிக்கிட, திரும்பி வருவான் என்று பிணைக்கு ஆள் காட்டவேண்டும். பிறகு கிளாலியில் இரவு வள்ளம். 1996க்குப் பிறகு இராணுவத்தின் பாஸ். ஆர் ஆண்டாலும் நாங்கள் கடதாசி காட்டித்தான் படலையைத் தாண்டினோம். பாஸ்போட் எடுக்க வவுனியாவிலும் பத்தரமுல்லையிலும் இரவிரவாக வரிசையில் கிடந்தோம். 2024இல் புத்தகமே முடிந்துபோய், நாடு முழுக்க வரிசையில் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பாஸ்போட் அலுவலகம் வர 2025 செப்ரெம்பர் ஆனது. நாய்க்குப் பாஸ்போட் தேவையில்லை. வாழ்க.

கொழும்பில் இரண்டு இரவு தங்கவேண்டி வந்தது. லொட்ஜ்காரர் ஜிம்மியைக் கண்டதும் தலையாட்டினார். நாய்க்கு இடமில்லை. மாமி சிரித்தார். "2007இல எங்களுக்கே இடமில்லாமல் போனது, தம்பி. ஞாபகமிருக்கோ?"

இருக்கிறது. 2007 யூன் 7 விடியப்புறம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளில் நித்திரையில் கிடந்த தமிழரைத் தட்டி எழுப்பி, 376 பேரைப் பஸ்ஸில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. 376 நாய்களை அப்படி அள்ளி ஏற்றியிருக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடு வேண்டும்.

அந்தக் கூட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிருள்ள விலங்குகளுக்கென்று தனி விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. கூட்டுக்குள் நாய் தலை முட்டாமல் நிற்கவேண்டும். தடையில்லாமல் திரும்பவேண்டும். இயல்பாகக் காலை நீட்டிப் படுக்கவேண்டும். பக்கங்களில் காற்றோட்டம் வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம், ஈரம் உறிஞ்சும் விரிப்பு. மேலே தெளிவாக ஒட்டவேண்டும்: 'உயிருள்ள விலங்கு'. ஜிம்மியை நிற்க வைத்து, மூக்கிலிருந்து வால் அடி வரைக்கும் நாடா பிடித்து அளந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தேன்.

1996 நத்தார் இரவு. மால்ராவுக்கும் சிசிலிக்கும் நடுவில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கப்பலிலிருந்து ஒரு சின்னப் படகுக்குள் ஆட்களை இறக்கினார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் பெடியள். படகு தாண்டது. குறைந்தது 283 பேர். நிற்க இடமிருந்ததா, திரும்ப இடமிருந்ததா, காலை நீட்ட இடமிருந்ததா என்று ஒருவரும் நாடா பிடிக்கவில்லை. அப்படியொன்று நடந்ததை நம்பவே இத்தாலிக்கு வருசக்கணக்கானது. போர்ட்டோபாலோ மீனவர்களின் வலையில் உடல்கள் ஏறின. தொழில் கெட்டுவிடும் என்று திரும்பக் கடலில் போட்டார்கள். ஒருநாள் ஒரு வலையில் ஓர் அடையாள அட்டை வந்தது. இலங்கைத் தமிழ்ப் பெடியன் ஒருவனின் அட்டை. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் 2001இல் ஒரு பத்திரிகையாளர் கடலடியில் கிடந்த படகைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருந்தபோது எந்தச் சோதனைச் சாவடியிலும் எங்களைக் காப்பாற்றாத அட்டை, செத்த பிறகு சாட்சி சொன்னது.

*

கட்டுநாயக்காவில் ஜிம்மியின் கழுத்தடியில் ஒரு கருவியைக் காட்டினார்கள். 'பீப்' என்றது. 15 இலக்கம் திரையில் விழுந்தது. கடதாசியோடு ஒப்பிட்டார்கள். சரி. உலகத்தின் எந்த மூலையில் இந்த நாய் தொலைந்தாலும் ஒரு 'பீப்' போதும் என்று அங்கே நின்ற பெடியன் எங்களுக்கு விளங்கப்படுத்தினான். சொந்தக்காரரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் வந்துவிடுமாம்.

மாமி கேட்டார்: "உதை எப்ப கண்டுபிடிச்சவை?"

பெடியனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தகனமேடை கட்டத் தோண்டினார்கள். எலும்பு வந்தது. பிறகு நீதிமன்ற உத்தரவோடு தோண்டத் தோண்ட இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள். நீலநிறப் புத்தகப் பையோடு ஒரு பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டுப் பெட்டியில் வைத்தார்கள். இலக்கம் இருக்கிறது. பெயர் இல்லை. எங்கள் ஆட்களுக்கும் இலக்கம் கிடைத்துவிட்டது என்று சந்தோசப்படவேண்டியதுதான். நாய்க்கு விமானம் ஏற முன்னர் கிடைத்தது. இவர்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து வந்த பின்னர்.

காணாமற்போனவர்களுக்கென்று ஓர் அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. கதிரை மேசை இருக்கிறது. ஆணையாளர்கள் இருக்கிறார்கள். அலுவலகம் காணாமற்போகவில்லை, அதை உறுதியாகச் சொல்லலாம். அதற்கும் முந்தி, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருந்த தாய்மார்தான் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

*

வெள்ளைக்காரன் நாயில் இரக்கப்படுகிறான், நாங்களும் படவேண்டும் என்று ஒரு கதை உண்டு. இரக்கத்தின் கணக்கைப் பாருங்கள். 2021 ஓகஸ்டில் காபூல் விழுந்தபோது, ஒரு முன்னாள் பிரித்தானியப் படைவீரர் தன்னுடைய விலங்குக் காப்பகத்திலிருந்து நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாய் பூனைகளைத் தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த விலங்குகளுக்கு அவ்வளவு காலமும் தீன் போட்ட ஆப்கான் ஊழியர்களால் விமான நிலைய வாசலைத் தாண்ட முடியவில்லை. பிறகு அவர்கள் தரைவழியாகப் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூனைகள் ஏற்கெனவே லண்டனில்.

அவுஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கே நாய்க்கும் கண்டிப்பு. 2015இல் நடிகர் ஜொனி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் தனியார் விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்க, விவசாய அமைச்சர் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, கொண்டுபோ, இல்லாவிட்டால் கொல்லுவோம் என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று கை தட்டினார்கள். ஒழுங்காக வருகிற நாய்க்கு மெல்பேர்ணுக்கு வெளியே தனிமைப்படுத்தல் நிலையம், ஆகக்குறைந்தது பத்து நாள். படகில் வந்த மனிதருக்கு நவுறு. அங்கே ஐந்து வருசம் தாண்டியும் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். பத்து நாளில் நாய்க்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஐந்து வருசத்தில் மனிதனுக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அவர்களைத் திட்டினால் கை தட்டுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

ஜிம்மி போய் இறங்கிய அன்று படம் வந்தது. பனிக்குள் நிற்கிறது. உடம்பில் கம்பளிச் சட்டை, காலில் சப்பாத்து. எங்கள் ஊரில் அரைவாசிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சப்பாத்தைவிட நல்ல சப்பாத்து. உறவினரெல்லாம் இதயம் போட்டார்கள். 'எங்கட ஊர்ப் பெடியன் சாதிச்சிட்டான்' என்று ஒருவர் எழுதினார். இந்த ஊர்ப் பெடியன் ஒருவன் ஐந்து வருசமாக ஒரு ஐரோப்பிய முகாமில் வழக்கு முடியாமல் கிடக்கிறான். அவனுடைய தாய்க்கு ஒருவரும் இதயம் போட்டதில்லை.

மாமியின் குசினிக் கூரை ஒழுகுகிறது. மாரி தொடங்கினால் மூன்று சட்டி வைக்கவேண்டும். மகனிடம் சொன்னார். "இப்ப கையில இறுக்கம், அம்மா. ஜிம்மியின்ர அலுவல் முடியட்டும்" என்றான். முடிந்தது. பிறகு மூன்று பிள்ளைகளும் திரையில் கூடிக் கதைத்தார்கள். அம்மா தனிய இருக்கிறா. இரவில் ஒரு சத்தம் கேட்டால் குரைக்கவும் ஆளில்லை. வெளிநாட்டுக் காசில் கட்டின வீடுகள் சுற்றிவர இருக்கின்றன. அவற்றில் கமரா இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஆகையால் அம்மாவைக் கைதடி முதியோர் இல்லத்தில் விடலாமா? நல்ல காற்றோட்டமான இடம், நேரத்துக்குச் சாப்பாடு, டொக்டர் வந்து பார்ப்பார்.

காற்றோட்டம். தண்ணீர். விரிப்பு. நிற்க, திரும்ப, படுக்க இடம். பிள்ளைகளுக்கு விதி பாடமாகிவிட்டது.

மாமி போகமாட்டேன் என்றுவிட்டார். நாலாந்தரம் விசாவுக்குப் போடப்போகிறேன், பேரப்பிள்ளைகளை இன்னொருக்காலாவது தொட்டுப் பார்க்கவேண்டும் என்றார். போன வெள்ளிக்கிழமை நெல்லியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பெடியன் கணினியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டான். பெயர். பிறந்த திகதி. முன்னர் மறுக்கப்பட்டதா. எத்தனை தரம்.

"திரும்பி வருவீங்கள் எண்டதுக்கு இஞ்ச என்ன பிடிப்பு இருக்கு, அம்மா?"

"வீடு இருக்கு. காணி இருக்கு."

"அது முந்தியும் போட்டது. வேற?"

மாமி கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாய் ஒண்டு இருந்தது, தம்பி," என்றார். "அது அங்க போட்டுது."

பெடியன் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான்.